கல்லொட்டி டேங்க் கிளீனர் இல்லை, அதைக் கொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில், சமவெளிக் குளம் ஒன்றில் வலை போட்டவர்களுக்கு டேங்க் கிளீனர் மீனாகவே விழுந்ததையும், வலை கிழிந்து அவர்கள் படும் பாட்டையும் படத்தோடு போட்டிருந்தீர்கள். தேவையான செய்திதான், சந்தேகமே இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில், பாறையிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் மீனை எங்கே பார்த்தாலும் திரும்பத் தண்ணீரில் விடாமல் கரையில் போட்டுவிடுங்கள் என்று பொதுவாக எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

நாங்கள் இருப்பது அட்டப்பாடியில், அகளிக்குப் பக்கம். ஆனைகட்டி செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் கேரளம் என்றாலும் இங்கே நிறைய வீடுகளில் பேச்சு தமிழ்தான், டீக்கடைகளில் காலையில் பிரிப்பதும் உங்கள் பேப்பர்தான். அப்படி உங்கள் பேப்பரை நம்பிப் படிக்கிற ஊர் என்பதால்தான் பிரச்சினை. செய்தி வந்த இரண்டு மூன்று நாளில் சிறுவாணி ஆற்றில் நாங்கள் துணி துவைக்கிற துறையில் பையன்கள் கல்லைப் புரட்டிப் புரட்டி விரல் நீள மீன்களைப் பிடித்துச் சுடுபாறையில் வீசிக்கொண்டிருந்தார்கள். ஏன்டா என்று கேட்டால், "பேப்பர்லயே போட்டிருக்குதுங்ண்ணா, இதெல்லாம் வெளிநாட்டு மீன், ஆத்தையே அழிச்சிரும்" என்கிறார்கள். பாறையில் காய்ந்து கிடந்தது அத்தனையும் கல்லொட்டி. இந்த ஆற்றில் பிறந்து இந்த ஆற்றிலேயே வாழ்கிற மீன். பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆற்றுக்கு நல்லது செய்கிறோம் என்று மனதார நினைத்துத்தான் செய்தார்கள்.

கல்லொட்டியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலையாளத்தில் கல்லேமுட்டி என்பார்கள். உருண்ட உடம்பு, தட்டையான வயிறு, கரும்பச்சையும் பழுப்புமாக நிறம், செவுளுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி, சிலவற்றில் பக்கவாட்டில் கருப்பாக ஒரு பட்டை. பெரும்பாலும் விரல் நீளம்தான், நன்றாக வளர்ந்தது ஒரு சாணை எட்டலாம். மேலே நின்று பார்த்தால் கல்லின் நிறமும் மீனின் நிறமும் ஒன்றாக இருப்பதால் அது நகர்ந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ரோகுவும் நம் கெண்டைகளும் அடங்கிய பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது, விஞ்ஞானிகள் இதை கர்ரா என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கி அரேபியா, ஈரான், இந்தியா வழியாகத் தென்சீனம், போர்னியோ வரைக்கும் இந்தப் பேரினத்தில் 150-க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் மட்டும் பத்துக்கு மேல் இருக்கும், அவற்றில் சில உலகத்தில் வேறெங்குமே கிடையாது.

டேங்க் கிளீனர் என்பது வேறு சங்கதி. தென்னமெரிக்க ஆறுகளின் கெளுத்தி இனம் அது. வீட்டுத் தொட்டியில் கண்ணாடியைச் சுத்தமாக வைக்கும் என்று அலங்கார மீன் கடைகளில் விற்றார்கள், வாங்கியவர்கள் அது ஒன்றரை அடி வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் குளத்திலும் ஆற்றிலும் கொண்டுபோய் விட்டார்கள். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, அதனால் கொக்கும் விராலும் அதை விழுங்க முடிவதில்லை. துடுப்புகளின் முன்முள் கெட்டியாகவும் சொரசொரப்பாகவும் இருப்பதால் வலை நாசம். கரையில் வளை தோண்டி அதற்குள் முட்டையிட்டு ஆண் மீன் காவல் இருக்கும், அப்படித் தோண்டித் தோண்டிக் குளத்துக் கரையே சரிகிறது. இவ்வளவும் உங்கள் செய்தியில் சரியாகவே வந்திருந்தது.

வராமல் போனது என்னவென்றால், டேங்க் கிளீனர் தண்ணீருக்கு வெளியேயும் வெகுநேரம் உயிரோடு இருக்கக்கூடியது. காற்றை விழுங்கி வயிற்றின் வழியாகவே மூச்சு வாங்கும், ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் தாங்கும். கல்லொட்டிக்கு அந்த வசதி எதுவும் இல்லை. ஓடுகிற தண்ணீரில் நிறைய ஆக்சிஜனோடு வாழ்ந்து பழகிய மீன், வெயில் பாறையில் போட்டால் சில நிமிஷத்தில் முடிந்தது கதை. ஆக, பிடித்துக் கரையில் போடுங்கள் என்ற ஆலோசனை, எதைக் கொல்லச் சொன்னீர்களோ அதைவிட எதைக் காக்க வேண்டுமோ அதைத்தான் சீக்கிரம் கொல்கிறது. இதை ஆத்திரத்தில் எழுதவில்லை, ஆனால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், மீனைத் திருப்பி வயிற்றுப் பக்கம் பார்த்தால் போதும். டேங்க் கிளீனருக்கு வாயே ஒட்டும் உறுப்பு, உதடுகள் வட்டமாக விரிந்து வாயைச் சுற்றி நிற்கும், அந்த உதட்டால்தான் ஒட்டிக்கொள்ளும். கல்லொட்டிக்கு அப்படி இல்லை. அதன் வாய் முன்னால் குறுக்கே ஒரு கோடு, அதற்குப் பின்னால் கீழுதடு விரிந்து வட்டமாக ஒரு தட்டு, தட்டின் நடுவில் சதைப்பிடிப்பான ஒரு மெத்தை, விளிம்பில் பொடிப்பொடியாகச் சொரசொரப்பு. குளியலறை டைல்ஸில் அழுத்தி ஒட்டுகிறோமே ரப்பர் கொக்கி, அந்த மாதிரிதான் வேலை செய்கிறது. தட்டு கல்லைப் பிடித்துக்கொண்டிருக்க, வாய் தனியாக இருப்பதால் ஒட்டிக்கொண்டே சுரண்டவும் முடிகிறது. மேலே மூக்கின் தோல் மடிந்து வாயை மூடியபடி தொங்கும், அதன் ஓரம் கிழிந்த துணி நுனி மாதிரி என்று சொல்லவா வேண்டாமா தெரியவில்லை, பொடிப்பொடியாக வெட்டுப்பட்டிருக்கும். இரண்டு ஜோடி சின்ன மீசை. உடம்பில் சாதாரணக் கெண்டைக்கு இருக்கிற செதில்தான், எலும்புத் தகடு கிடையாது, விரலால் தடவினால் வழவழவென்று இருக்கும். சில வகைகளுக்கு மூக்கின் மேல் முன்னுக்கு நீட்டிய ஒரு மேடும் அதன்மேல் வெள்ளையாகப் பரு மாதிரிக் கட்டிகளும் இருக்கும், அதைப் பார்த்து நோய் வந்த மீன் என்று பயப்படவும் வேண்டாம், அதன் இயல்பே அதுதான்.

வெள்ளம் வருகிற நேரத்தில் சிறுவாணியில் யானை நின்றாலே கால் தடுமாறும். அந்த வேகத்தில் விரல் நீளத்து மீன் அடித்துக்கொண்டு போகாமல் நிற்கிறது என்றால் அதன் உடம்பில் ஒவ்வொன்றும் அதற்கென்றே அமைந்திருக்கிறது. வயிறு தட்டை. மார்புத்துடுப்பும் வயிற்றுத்துடுப்பும் பக்கவாட்டில் விரிந்து கல்லோடு படிந்து கிடக்கும், அவற்றின் முன் கதிர்கள் தடித்திருக்கும். மற்ற மீன்களைத் தண்ணீரில் மிதக்கவைக்கிற காற்றுப்பை இதற்குச் சிறுத்துப் போயிருக்கிறது, மிதந்தால் ஆபத்து, கனத்துக் கீழே கிடந்தால்தான் பிழைப்பு. நீந்துவது என்பதே கொஞ்சம்தான், ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு விசுக்கென்று தாவி உடனே ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வழிகிற ஈரப்பாறையில் செங்குத்தாகக்கூட ஒட்டி ஒட்டி ஏறும், மழைக்காலத்தில் சின்ன அருவிகளின் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தால் குஞ்சுகள் ஏறுவதைப் பார்க்கலாம்.

சாப்பாடு, கல்லின் மேல் படியும் வழவழப்பு. வெறும் பாசி என்று சொல்லிவிடுகிறோம், அதில் கண்ணுக்குத் தெரியாத டயாட்டம் பாசிகள், நீலப்பச்சை நுண்ணுயிர்கள், மக்கிய இலைத்தூள், வண்டல் எல்லாம் கலந்துதான் இருக்கும். தாடையின் கெட்டியான ஓரத்தால் அதைச் சுரண்டும். இதைச் செரிக்க நேரம் பிடிக்கும் என்பதால் குடல் உடம்பைவிடப் பல மடங்கு நீளம், சுருள் சுருளாகச் சுற்றி வைத்திருக்கும். இங்கே பிடித்துப் பொரித்துச் சாப்பிடுகிறவர்கள் வயிற்றைப் பிதுக்கிச் சுத்தமாகக் கழுவாமல் சட்டியில் போட மாட்டார்கள், இல்லையென்றால் கசக்கும். கோடையில் தண்ணீர் தெளிந்திருக்கும்போது கல்லைப் பாருங்கள், பச்சை படிந்த கல்லில் அங்கங்கே வெளுத்த கோடுகளும் திட்டுகளும் தெரியும், மீன் மேய்ந்த தடம் அது.

இந்த மேய்ச்சலால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்குப் பதில் கொஞ்சம் தூரத்திலிருந்து வருகிறது. 1980-களில் பனாமா நாட்டில் ஒரு ஓடையில் மேரி பவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பாசி தின்னும் மீன்களைப் பற்றி ஆராய்ந்தார். ஓடையில் தண்ணீர் ஆழமாகத் தேங்கும் இடத்தைக் கயம் என்போம், வெயில் நன்றாகப் படும் கயத்தில் பாசி வேகமாக வளர்கிறது, நிழலான கயத்தில் மெதுவாக வளர்கிறது, ஆனால் போய்ப் பார்த்தால் இரண்டு இடத்திலும் கல்லில் இருக்கும் பாசி ஏறக்குறைய ஒரே அளவு. காரணம், வெயில் கயத்தில் அதற்கேற்ப மீன் அதிகமாகக் கூடியிருந்தது. கரையோர ஆழமில்லாத தண்ணீரில் மட்டும் பாசி தடித்துப் பச்சைப் பட்டையாகக் கிடந்தது, அங்கே கொக்கும் நாரையும் பிடித்துவிடும் என்று மீன் போவதில்லை. ஓடையின் நிறத்தையே மீன்தான் தீர்மானித்தது என்று சொல்லலாம். அவர் ஆராய்ந்தது எந்த மீன் தெரியுமா, டேங்க் கிளீனரின் குடும்பத்தைச் சேர்ந்த கவசக் கெளுத்திகள்தான். தன் சொந்த ஆற்றில் அதுவும் உபயோகமான மீன். இங்கே வந்து தொல்லையானதற்குக் கடையில் விற்றவரும் வாங்கிக் குளத்தில் விட்டவரும்தான் பொறுப்பு, மீனை வில்லனாக்கி எழுதுவதிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே அந்தக் கெளுத்தி பார்க்கிற வேலையை இங்கே பார்ப்பது கல்லொட்டி. கல்லில் பாசியும் சேறும் தடிமனாக அப்பிக்கொள்ளாமல் இருந்தால்தான் கல்லடியில் வாழும் பூச்சிப் புழுக்களுக்கு இடம், அந்தப் புழுக்களை நம்பி மற்ற மீன்கள், மீன்களை நம்பி நீர்நாயும் மீன்கொத்தியும். பவானியில் நீர்நாயைப் பார்த்தேன் என்று சந்தோஷமாகப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் அது என்ன சாப்பிடுகிறது என்றும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்த மீனுக்கு வரலாறும் இருக்கிறது. திப்பு சுல்தான் தோற்ற மறுவருஷம், 1800-இல், கிழக்கிந்தியக் கம்பெனி பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரை மைசூர், கோவை, பாலக்காடு, மலபார் என்று சுற்றிவந்து விவரம் எழுதச் சொல்லி அனுப்பியது. பயிர், நெசவு, வரி, சாதி என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு நம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவே போனவர் அவர். பிற்பாடு ஹாமில்டன் என்ற பெயரில் கங்கை மீன்களைப் பற்றி எழுதினார், அதில்தான் 1822-இல் கர்ரா என்ற பெயர் முதலில் வருகிறது. 1839-இல் தக்காணத்து ஆறுகளிலிருந்து கர்னல் சைக்ஸ் ஒரு வகையை விவரித்தார், நம் பக்கத்து ஆறுகளில் பரவலாக இருப்பது அதுதான் என்று இன்றும் புத்தகங்களில் போட்டிருக்கிறார்கள். 1849-இல் மதராஸ் ராணுவ மருத்துவர் ஜெர்டன் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதியபோது இன்னும் இரண்டு வகைகளைச் சேர்த்தார், மூக்கில் மேடு இருக்கிற வகை அவர் விவரித்ததுதான். 1955-இல் சைலாஸ் உயரமான மலையோடைகளிலிருந்து இன்னொன்று. 1964-இல் ஏ. ஜி. கே. மேனன் உலகம் முழுக்க இருந்த கர்ரா மீன்களை எல்லாம் ஒன்றாக வைத்து அலசி ஒரு பெரிய ஆய்வே எழுதினார்.

அப்புறம் 1984. எங்களுக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில், முக்காலி என்ற ஊர் வழியாகப் போனால் சைலண்ட் வேலி. குந்திப்புழையில் மின்சாரத்துக்கு அணை கட்டக்கூடாது என்று வருஷக்கணக்கில் நடந்த போராட்டம் ஜெயித்து, அந்தக் காட்டைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1984-இல். அதே 1984-இல்தான் அதே குந்திப்புழையிலிருந்து ஒரு கல்லொட்டியைப் புதிய இனம் என்று ரமாதேவியும் இந்திராவும் அறிவித்து, மேனனின் பெயரை அதற்கு வைத்தார்கள். சைலண்ட் வேலி என்றால் சிங்கவால் குரங்கை எல்லாருக்கும் தெரியும், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அணை வந்திருந்தால் குரங்காவது மரம் இருக்கிற பக்கம் கொஞ்சம் ஒதுங்கிப் பார்த்திருக்கும், கல்லில் ஓடுகிற தண்ணீரை விட்டால் வாழத் தெரியாத இந்த மீனுக்கு நீர்த்தேக்கத்தின் அடியில் என்ன இருந்திருக்கும்? அந்த மீனை இந்த நாற்பது வருஷத்தில் எந்தப் பேப்பரிலும் நான் படத்தோடு பார்த்ததில்லை. அதற்குப் பின்னும் 1993-இல் களக்காட்டு மலையிலிருந்து ஒன்று, 2001-இல் பெரியாற்றிலிருந்து ஒன்று என்று நம் மலைகளில் புதுப்புது வகைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு மலையின் ஓடையில் மட்டும் இருக்கிற மீன் என்றால் அந்த ஓடையில் இல்லாமல் போனால் உலகத்திலேயே இல்லாமல் போனது என்று அர்த்தம். துறையில் கல்லைப் புரட்டிப் பிடிக்கிறவருக்கு எது எந்த வகை என்று தெரிய வழியே இல்லை.

கோவை மால்களில் காலைத் தொட்டியில் விட்டு உட்கார்ந்தால் மீன் வந்து கடிக்குமே, காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே, அந்த மீனும் இதே பேரினம்தான். துருக்கியில் கங்கால் என்ற ஊரில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது, 35 டிகிரிச் சூட்டில் பாசி பூச்சி எல்லாம் குறைவு, அதனால் அங்கே இருக்கும் மீன் குளிக்க வருகிறவர்களின் செத்த தோலைச் சுரண்டித் தின்னப் பழகிவிட்டது, சொரியாசிஸ் நோயாளிகள் தேடிப் போகிறார்கள். அதை வைத்துத்தான் ஊருக்கு ஊர் ஸ்பா. ஒரே தண்ணீரில் பல பேர் காலை விடுவதால் தொற்று வரலாம் என்று அமெரிக்காவில் பல மாநிலங்களில் அதைத் தடையே செய்துவிட்டார்கள், அது தனிக் கதை. சிறுவாணியில் காலைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் நம் கல்லொட்டியும் வந்து மெதுவாகச் சுரண்டிப் பார்க்கும். அந்தத் துருக்கி மீனுக்குச் சிறப்பு மலரில் அரைப்பக்கம் ஒதுக்கியவர்கள் நீங்கள், அதனால் உரிமையோடு கேட்கிறேன், இதற்கு ஒரு கால் பக்கம் தரக்கூடாதா? இதே பேரினத்தில் ஈரானிலும் ஓமனிலும் சோமாலியாவிலும் குகைக்குள் இருட்டிலேயே வாழ்ந்து கண் இல்லாமல் போன மீன்கள்கூட இருக்கின்றன, பிள்ளைகள் படித்தால் வாயைப் பிளப்பார்கள்.

சரி, இப்போது இங்கே நிலைமை என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் செய்திக்கு முன்பே இந்த மீன் நன்றாக ஒன்றும் இருக்கவில்லை. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றுதான், கபினி, பவானி, பாம்பாறு. நீலகிரியில் பிறந்து, முக்காலி வழியாக அட்டப்பாடிக்குள் வந்து, கூடப்பட்டியில் சிறுவாணியைச் சேர்த்துக்கொண்டு, திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் போய் மேட்டுப்பாளையம், பவானிசாகர் என்று போகிறது பவானி. அட்டப்பாடியின் மேற்குப் பக்கம் மழை கொட்டும், கிழக்கே சோலையூர், ஆனைகட்டிப் பக்கம் மழைமறைவு, அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதனால் கோடையில் கிழக்குப் பக்கப் பள்ளங்கள், அதாவது சின்ன ஓடைகள், எல்லாம் ஓட்டம் நின்று அங்கங்கே கசம் கசமாகத்தான் தண்ணீர் நிற்கும். அந்தப் பள்ளத்து மீன் அத்தனையும் அந்தக் கசங்களில்தான் ஒடுங்கிக் கிடக்கும். அடுத்த மழைக்கு அவை பிழைத்திருந்தால்தான் பள்ளம் முழுக்க மீன் திரும்பும், முட்டையிடுவதும் மழை வந்து புதுத்தண்ணீர் ஓடும்போதுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிளீச்சிங் பவுடரோடு வருகிறார்கள். ஒரு பாக்கெட்டைக் கொட்டிவிட்டால் கசத்தில் இருக்கிற பெரிய மீன் நாலைந்து மேலே வரும், அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், குஞ்சும் பொடியும் கல்லொட்டியும் அயிரையும் நண்டும் தவளையும் செத்து நாறும். வெடித் தோட்டா போடுகிறவர்கள் உண்டு, இன்வெர்ட்டர் பேட்டரியில் கம்பி இழுத்துத் தண்ணீரில் விடுகிறவர்கள் உண்டு. முன்பு ஊர்களில் காக்கைக்கொல்லி விதையை அரைத்துக் கலக்குவார்கள்தான், ஆனால் அது ஊரே சேர்ந்து எப்போதாவது செய்வது, பிளீச்சிங் பவுடர் எந்தக் கடையிலும் கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று ஆகிவிட்டது. வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். கேரளத்தில் 2010-இல் வந்த உள்நாட்டு மீன்வளச் சட்டம் மின்சாரம் பாய்ச்சுவதையும் சேர்த்துத் தடுக்கிறது. சட்டம் இருக்கிறது, கசத்துக்குப் பக்கத்தில் அதைச் சொல்ல ஆள்தான் இல்லை. எல்லைப் பள்ளம் என்றால் இன்னும் மோசம், இந்தக் கரையில் துரத்தினால் அந்தக் கரைக்குப் போய் நின்றுகொண்டு இது வேறு மாநிலம் என்கிறார்கள்.

தடுப்பணைகளையும் சொல்ல வேண்டும். 2017-இல் பவானியில் கேரளம் தடுப்பணை கட்டுகிறது என்று கோவைப் பக்கம் போராட்டம் நடந்ததை நீங்கள் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பது பெரியவர்கள் பேசித் தீர்க்க வேண்டியது, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் எந்தப் பக்கம் கட்டினாலும் தடுப்பணையின் கீழ்ப்பக்கம் செங்குத்தான கான்கிரீட்டாக, அடியில் தண்ணீர் தொடாமல் விழுகிற மாதிரி முடித்துவிட்டால் மேலே போகிற மீனுக்கு வழி அடைபட்டது. ஒரு ஓரத்தில் சரிவாகக் கற்களைப் பதித்து அதன்மேல் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் வழியும்படி விட்டால் கல்லொட்டி ஏறிவிடும், பெரிய செலவும் இல்லை. இதே ஆனைகட்டிப் பக்கம், கோடையில் வறண்டு கிடந்த கொடுங்கரைப் பள்ளத்தில் மரம் நட்டு மண் அரிப்பைத் தடுத்ததற்குப் பிறகு தண்ணீர் திரும்ப வந்ததைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள், அதனால் மனது வைத்தால் நடக்கும் என்று தெரியும். தண்ணீர் வந்ததோடு மீனும் வரட்டும் என்று யாராவது சேர்த்து யோசித்தால் நன்றாக இருக்கும்.

கட்டுமானத்துக்கு ஆற்றுக் கல்லையும் மணலையும் அள்ளுவது, கரையை ஒட்டி வாழையும் காய்கறியும் போட்டு மருந்தடித்து மிச்சத்தை ஆற்றில் கழுவுவது எல்லாம் நீங்கள் ஏற்கெனவே எழுதியிருப்பவை. கல்லின் மேல் சேறு படிந்தால் சுரண்டித் தின்ன ஒன்றும் இருக்காது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அந்தச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள், உள்பக்கத்தில் ஒரு மூலையில் இல்லாமல் செய்தி வந்த அதே பக்கத்தில். டேங்க் கிளீனர் கிடைத்தால் அதைத் திரும்ப விடக்கூடாது, மீன்வளத் துறைக்குச் சொல்ல வேண்டும், வீட்டுத் தொட்டி மீன் எதையும் ஆற்றிலோ குளத்திலோ விடக்கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். 2018 வெள்ளத்தில் பண்ணைகளும் தொட்டிகளும் உடைந்து அராப்பைமா மாதிரிப் பெரிய வெளிநாட்டு மீன்கள் கேரள ஆறுகளுக்குள் வந்ததை எல்லாரும் பார்த்தோம். கூடவே இரண்டு மீனையும் வயிற்றுப் பக்கம் தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம். கல்லொட்டியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டு அடியிலிருந்து எடுத்த படங்களை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன், எடுத்ததும் மீனை அதே கயத்தில் விட்டாயிற்று, படத்தை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், பெயர் போட வேண்டிய அவசியம் இல்லை. முழுப்பரீட்சை லீவு விடுவதற்குள் வந்தால் நல்லது, லீவு விட்டால் பிள்ளைகள் எல்லாம் ஆற்றில்தான் இருப்பார்கள். வந்த அன்றைக்கே வெட்டி இங்கே பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டிலும் துறைக்குப் போகிற வழியில் டீக்கடைச் சுவரிலும் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
அகளி, அட்டப்பாடி,
பாலக்காடு மாவட்டம்.